மாசி வெயிலில் தைத்த துணி

நானுஓயா கடைத்தெருவில் இன்று கடைக்குக் கடை நெப்பிப் பொதிகள் தொங்குகின்றன. பொதியாக வாங்க முடியாதவர்களுக்கு இரண்டு மூன்றாகப் பிரித்தும் கொடுக்கிறார்கள். அந்தப் பளபளக்கும் பொதியைப் பார்த்ததும், லயத்து இஸ்தோப்புக் கொடிகளில் ஒரு காலத்தில் காய்ந்த வேறொரு துணி வரிசை நினைவுக்கு வராத மலையகத்தார் குறைவு. கரை மங்கிய சேலைத் துண்டு, எழுத்து பாதி அழிந்த மாச்சாக்குத் துண்டு, ஓரம் மடித்துத் தைத்த கம்பளித் துண்டு. பிள்ளை பிறக்கும் முன்பே அவற்றைக் கிழித்து, அவித்து, மடித்துத் தைத்து வைத்தவள் அந்தப் பிள்ளையைச் சுமந்தவள்தான். மலையகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தத் துணிகளை வறுமையின் அடையாளமாகச் சொல்வார்கள், இல்லையென்றால் தாய்ப்பாசத்தின் அடையாளமாகச் சொல்வார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனாலும் இரண்டிலும் ஒன்று விட்டுப்போகிறது. பிள்ளைத்துணி தைப்பது ஒரு வேலை. செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஏறாத, ஒரு நாள் வேலைக்கான பேர் விழாத, ஆனால் முறையும் பருவமும் கைத்தேர்ச்சியும் வேண்டிய வேலை. அதைச் செய்வதற்கான நேரத்தைத் தோட்டம் எப்போது விட்டுக்கொடுத்தது, எப்போது பிடுங்கிக்கொண்டது என்று கேட்காமல் அந்தத் துணியை மட்டும் நினைத்து உருகுவது அரைகுறை நினைவு என்றே நான் சொல்வேன்.

முதலில் பருவத்தைப் பார்ப்போம். கொழும்பில் வெயில் தாங்க முடியாமல் சித்திரையில் மலையேறுகிறவர்களுக்கு நானுஓயா இறங்கும் இடம். 1885இல் இங்கே புகையிரதம் வந்ததிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் இந்த நிலையத்தில்தான் இறங்குகிறார்கள். ஐயாயிரம் அடிக்கு மேலே இருக்கிற ஊர். அவர்கள் குளிரைத் தேடி வருகிற இதே மலையிலும் ஒரு வெயில் காலம் உண்டு. தை பிற்பாதியில் தொடங்கிப் பங்குனி வரை நீளும். விடியற்காலையில் புல் மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும்; பத்து மணிக்குப் பிறகு மேகமில்லாத வானத்திலிருந்து வெயில் முதுகைச் சுடும். உயரமான இடத்து வெயில் தோலைக் கறுக்க வைப்பது சமவெளிக்காரருக்குச் சொன்னால் புரியாது. பனி பட்ட தளிர் கருகும், மண் வறளும், கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் வேலை குறையும், முழுப்பேருக்குப் பதில் அரைப்பேர் விழும், கையில் வரும் காசும் குறையும். பிள்ளைத்தாச்சிக்குப் பகலில் உட்கார நேரம் கிடைத்தது இந்த வறண்ட நாள்களில்தான். அந்த ஓய்வு யாரும் மனமிரங்கிக் கொடுத்ததில்லை. செடி தளிர்க்காததால் கிடைத்தது. அதற்கு விலையாக அந்த மாதச் சம்பளம் சுருங்கியது.

வெயில் வேறு விதத்திலும் தேவைப்பட்டது. வெள்ளைக்காரர் காலத்து லயன் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு கதவு, பல இடங்களில் பெயருக்கு ஒரு சன்னல், உள்ளே விறகடுப்புப் புகை. ஊசியில் நூல் கோர்க்க வேண்டுமென்றால் இஸ்தோப்புக்கு வர வேண்டும். ஆனி பிறந்து தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால் அந்த வெளிச்சமும் போய்விடும். ரதல்லப் பக்கமிருந்து ஏறுகிற மூடுபனி நாள்கணக்கில் விலகாது. கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் ஈரமாகவே இருக்கும். அடுப்புக்கு மேலே கம்பு கட்டிக் காயவைத்தால் புகை நாற்றத்தோடுதான் காயும். ஈரம் முழுதாகப் போகாத துணியைச் சுற்றினால் பச்சைப்பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று மாமியார்கள் சொன்னது இந்தக் குளிரில் மிகையான பயமில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து துணி நனையும். நனைந்தவை காய மூன்று நாள் பிடிக்கும் என்றால் எத்தனை துணி கையில் இருக்க வேண்டும் என்ற கணக்கைப் பள்ளிக்கூடம் போகாத பெண்களும் போட்டு வைத்திருந்தார்கள். ஆடி ஆவணியில் பிறக்கப்போகும் பிள்ளைக்கு மாசி பங்குனியிலேயே துணி அடுக்கத் தொடங்கியதற்கு இதுதான் காரணம். பிள்ளைகள் எல்லா மாதமும் பிறக்கத்தான் செய்கிறார்கள். மழைக்காலத்தில் வயிறு பெருத்தவர்கள் குப்பி விளக்கில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தைத்தார்கள், அல்லது அக்கா, நாத்தனார் வீட்டிலிருந்து பழைய மூட்டையை வாங்கிக்கொண்டார்கள். என்றாலும், முடிந்தவர்கள் வெயிலில்தான் தைத்தார்கள்.

எந்தத் துணி எதற்கு என்பதில்தான் கைத்தேர்ச்சி தெரியும். உடம்பில் படுகிற துணிக்குப் பலமுறை துவைத்து மெலிந்த வாயில் சேலை அல்லது வயதானவர்களின் வேட்டி. நைலெக்ஸ் சேலை எவ்வளவு புதிதாக இருந்தாலும் உதவாது, ஈரத்தை உறிஞ்சாது. கீழே விரிக்க மாச்சாக்கு. கோதுமை மா துணிச்சாக்கில் வந்த காலத்தில் அந்தச் சாக்குக்குத் தனி மதிப்பு. சாக்கின் வாயைத் தைத்திருக்கும் சங்கிலித் தையலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் நூல் முழுவதும் அறுபடாமல் ஒரே இழுப்பில் வந்துவிடும். அந்த நூலை ஒரு குச்சியில் சுற்றி வைத்து, அதைக்கொண்டே அந்தச் சாக்கை வெட்டித் தைப்பார்கள். அச்சடித்த எழுத்துப் போக சவர்க்காரம் தேய்த்து வெயிலில் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் காயவைக்க வேண்டும். இதற்கும் மாசி வெயில்தான் தோது. எல்லாவற்றுக்கும் அடியில் கம்பளி. மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போய்வந்து இற்றுப்போன கம்பளியில் நடுப்பகுதி தேய்ந்திருக்கும், ஓரங்கள் நன்றாக இருக்கும். அந்த ஓரங்களை வெட்டி இணைத்து, இரண்டு பக்கமும் சேலைத் துணி வைத்து ஓட்டுத் தையல் போட்டால் பிள்ளைக்கு ஒரு விரிப்பு. கம்பளியின் முள் மேலே குத்தாமல் இருக்கத்தான் அந்தச் சேலை உறை.

சட்டையின் அமைப்பும் யோசித்துச் செய்ததே. முன்பக்கம் திறந்திருக்கும், பொத்தான் கிடையாது, நாடா. தலை நிற்காத பிள்ளைக்குத் தலைவழியே சட்டை போட முடியாது. பொத்தான் பிய்ந்தால் வாய்க்குள் போய்விடும். தையல் மடிப்பை வெளிப்பக்கம் வைத்துத்தான் தைப்பார்கள். பார்க்க அழகாக இராது. ஆனால் அக்குளிலும் கழுத்திலும் மடிப்பு உரசிப் புண்ணாகாது. துணியைக் கத்தரியால் வெட்டுவதைவிட ஓரத்தில் சிறிதாக நறுக்கிவிட்டு இழை பிடித்துக் கிழிப்பார்கள், கோணாமல் வரும். இத்தனையையும் செய்த கை கொழுந்து கிள்ளுகிற கை. கொழுந்துப் பால் கறுத்துப் படிந்து, கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வெடிப்பு விட்டிருக்கும். அந்த வெடிப்பில் நூல் சிக்கும், மெல்லிய துணி இழுபடும். தைக்க உட்காரும் முன் தேங்காயெண்ணெய் தொட்டு விரலைத் தேய்த்துக்கொண்டது அதற்காகத்தான். ஒரு கிலோ பச்சைக் கொழுந்துக்கும் இந்த ஒரு சட்டைக்கும் இடையில் எது நுணுக்கமான வேலை என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தயக்கமில்லை. தராசில் வைக்கப்பட்டது முதலாவது மட்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். பிறக்காத பிள்ளைக்குத் துணி சேர்க்கக்கூடாது என்பதல்லவா நம் வழக்கம், பிறகு எப்படிக் கர்ப்பிணிகள் தைத்திருப்பார்கள் என்று கேட்கலாம். வழக்கம் உண்மைதான். ஆனால் அது தடுத்தது புதுத்துணியை. தீட்டுக் கழியும் வரை பிள்ளைக்குப் பழந்துணிதான், அதுவும் ஆயுசோடு இருக்கிற பெரியவர்கள் உடுத்திய துணி. பழையதைக் கிழித்துத் தைத்து வைப்பதில் குற்றமில்லை. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சுலபம். தள்ளும் முன் ஓர் எண்ணைப் பார்க்க வேண்டும். 1974இல் இலங்கை முழுவதற்குமான சிசு மரணம் ஆயிரம் பிறப்புக்கு 51. அதே ஆண்டில் தோட்டங்களில் அது நூறைத் தாண்டியிருந்தது. பத்தில் ஒரு பிள்ளைக்கு மேல் முதலாண்டைக் காணாத இடத்தில், பெட்டி நிறையப் புதுச்சட்டை தைத்து வைத்த ஒரு தாய் அந்தப் பெட்டியை என்ன செய்வாள்? பழந்துணி என்றால் மறுபடி வீட்டுத்துணியாகிவிடும். கண்ணில் படாமல் கலந்துவிடும். நம்பிக்கையின் மொழியில் சொல்லப்பட்ட அந்த வழக்கத்துக்குள் அனுபவத்தின் எச்சரிக்கை இருந்தது. மெலிந்த பருத்தி பச்சை உடம்புக்கு நல்லது என்ற அறிவும் இருந்தது. பெரியவர்கள் கெட்ட சகுனத்துக்குப் பயந்து சொன்னது மட்டுமல்ல அது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பட்டினியையும் துணிப் பஞ்சத்தையும் அழகாக்கிக் காட்டுகிறாய் என்பது. 1973, 74இல் தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்கும் இலைகளும் தின்று உயிர் பிடித்தவர்கள், பட்டினியில் செத்தவர்கள் உண்டு. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் நாடு முழுவதும் துணிக்கு வரிசையில் நின்ற காலமும் அதுதான். அப்போது மாச்சாக்கில் சட்டை தைத்தவளுக்கு வேறு வழி இருந்ததில்லை. அவளிடம் போய் உன் கைவேலை அருமை என்று சொல்வது கொடுமை. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் வழியில்லாமல் செய்த வேலையில் அறிவில்லை என்று அதிலிருந்து முடிவு கட்டமுடியாது. இல்லாமையை எவரும் கொண்டாட வேண்டாம். அந்த இல்லாமைக்குள்ளும் எந்த இழை உறிஞ்சும், எந்தத் தையல் உரசும் என்று ஒருத்தி யோசித்தாள் என்பதைச் சொல்லாமல் விட்டால், மலையகப் பெண்ணை வெறும் பாவப்பட்டவளாகவே வரலாற்றில் நிறுத்திவிடுவோம். ஏற்கனவே அவளைப் பற்றிய பக்கங்களில் கூடையும் நெற்றிப் பட்டையும் தவிர வேறெதுவும் அதிகம் இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் மலைநாட்டு நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்ததால் தாயின் குரலில் கொஞ்சமாவது நமக்கு மிஞ்சியது. அவள் கைவேலையை அப்படித் தேடித் தொகுத்தவர் யார்? துணி இற்றுப்போகும் பொருள். கடைசியில் அடுப்படித் துணியாகி, அடுப்பிலேயே முடிந்துவிடும். கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கென ஓர் அருங்காட்சியகம் 2007 முதல் இருக்கிறது. பழைய லயன் காம்பராவும் பழைய கருவிகளும் காக்கப்படும் அத்தகைய இடங்களில், கவ்வாத்துக் கத்திக்குக் கொடுக்கிற மரியாதையை ஓரம் மடித்த ஒரு கம்பளி விரிப்புக்கும் கொடுக்க வேண்டும்.

நேரத்துக்கு வருகிறேன். இலங்கையில் பிரசவச் சகாயச் சட்டம் 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக வந்தது. தோட்டத் தொழிலாளிப் பெண்ணும் அதில் அடங்கினாள். பிற்காலத்தில் லீவு 84 நாளானது. ஆனால் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும். மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள்தான். இந்த வேறுபாடு 2018இல் வந்த திருத்தத்தோடுதான் ஒழிந்தது. 84 நாளிலும் பிரசவத்துக்கு முந்தியது இரண்டு வாரம். இந்த இரண்டு வாரத்துக்கு முன்பு எட்டு மாதத்துக்கு மேலான வயிற்றோடு, இடுப்பில் படங்கு கட்டி, சரிவில் நின்று கொழுந்து கிள்ள வேண்டியதுதான். சில தோட்டங்களில் கிட்டத்து மலையில் இலகுவான வேலை கொடுத்தார்கள். அது அங்கிருந்த துரையையும் கங்காணியையும் பொறுத்தது. 1984 வரை ஆணைவிடக் குறைந்த நாள்சம்பளம் வாங்கியவள் அவள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வேலைக்குப் போகாத ஒரு நாள் வீட்டில் என்னவாகும் என்பது அவளுக்குத் தெரியும். ஆக, அவள் தைத்த நேரம் எல்லாம் தூக்கத்திலிருந்தோ சம்பளத்திலிருந்தோ கழித்த நேரம். பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தையை விட்டுவிட்டு மலைக்குப் போகத் தொடங்கிய பிறகு துணித்தேவை இன்னும் கூடியது. காலையில் பிள்ளையோடு ஒரு மூட்டைத் துணியும் போக வேண்டும். மாலையில் நனைந்த மூட்டை திரும்பி வரும். பீலிக்கரையில் குளிர்ந்த தண்ணீரில் அதைக் கசக்கியவளும் அவளே.

அப்படியென்றால் நெப்பி வந்தது நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கு என் பதில், ஆம். குளிர்காலத்தில் அந்த மூட்டையைக் கசக்கிய எந்தப் பெண்ணும் பழைய காலம் திரும்ப வேண்டுமென்று கேட்கமாட்டாள்; கேட்கவும் கூடாது. வழக்கங்களும் நல்ல பக்கமாக மாறியிருக்கின்றன. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் நுவரெலியா வைத்தியசாலையில் பிறக்கிறார்கள். பிரசவத்துக்கு வரும்போது பிள்ளைக்கான சுத்தமான துணிகளையும் பையில் எடுத்து வரச் சொல்லி கிளினிக்கில் முன்கூட்டியே அறிவுறுத்துகிறார்கள். பிறக்கும் முன் புதுத்துணி ஆகாது என்ற வழக்கம் அந்தப் பைக்கு முன்னால் யாரும் சண்டை போடாமலே விலகிக்கொண்டது. முன்பு மாமியார் பெட்டிக்குள் ஒளித்து வைத்த துணியை இன்று மருமகள் நுவரெலியா கடைகளில் விலை பேசி வாங்குகிறாள், கம்பளிக் குல்லாவும் காலுறையும் சேர்த்து. பிள்ளை பிழைக்கும் என்ற உறுதி இருப்பதால்தான் முன்கூட்டி வாங்க மனம் வருகிறது. இந்த மாற்றத்தைவிட எனக்கு மகிழ்ச்சி தருவது வேறில்லை. ஆனால் கடைத்துணி எல்லாச் சுமையையும் இறக்கிவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனபோது வெளிநாட்டுச் சரக்கு எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போனது. தோட்டத்து நாள்சம்பளம் அப்போது 1000 ரூபாய். அதுவே பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல் கிடைத்தது. 2024இல் 1350 ஆனது. அந்தச் சம்பளத்தில் நாளுக்கு ஐந்தாறு நெப்பி கட்டுப்படியாகவில்லை. இரவுக்கு ஒன்று நெப்பி, பகலெல்லாம் துணி என்றால், அந்தத் துணியைக் கிழித்துத் தைக்க யாருக்கு நேரமிருக்கிறது, யாருக்குக் கைவரும் என்ற கேள்வி திரும்பவும் வருகிறது.

தையல் மலையகத்தை விட்டுப் போய்விடவில்லை. சிங்கர் 1877இலேயே கொழும்பில் கடை திறந்து, தவணைக்குத் தையல் மெசின் கொடுத்து நாடெங்கும் பரப்பியது. தோட்டத்தில் அது நெடுங்காலம் கணக்கப்பிள்ளை வீட்டுப் பொருளாகவோ டவுன் தையற்காரரின் பொருளாகவோதான் இருந்தது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய பிறகு கதை மாறியது. பாட்டி கையால் ஊசி பிடித்தாள்; பேத்தி அங்கே போய் மின்சார மெசினில் உட்காருகிறாள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிறக்கிற பிள்ளைகளுக்கான சட்டைகளும் இலங்கை ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து போகின்றன. மணிக்கு இத்தனை என்று இலக்கு. ஒருத்தி கை, ஒருத்தி கழுத்து, ஒருத்தி ஓரம். முழுச் சட்டையை ஒருத்தி தைப்பதில்லை. அவள் பாட்டி ஒரு சட்டையைத் தொடங்கினால் அவளே முடித்தாள், மடிப்பு எந்தப் பக்கம் என்று அவளே தீர்மானித்தாள். பேத்திக்குச் சம்பளமுண்டு, அது பெரிய விஷயம். ஆனால் தன் பிள்ளைக்கு ஒரு துணி தைக்க அவளுக்கும் நேரம் கிடைப்பதில்லை. அதில் இரண்டு பேரும் ஒன்றுதான்.

இந்த நேரத்துக்கு இன்று நானுஓயாவில் என்ன நிலைமை என்பதுதான் எனக்குக் கவலை. தோட்டத்தில் நிரந்தரப் பதிவுள்ள பெண்களின் தொகை குறைந்துகொண்டே வருகிறது. பலர் பதிவை விட்டுவிட்டு, நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களுக்கு நாட்கூலிக்குப் போகிறார்கள். லீக்ஸ், கரட், கிழங்கு. காசு அன்றன்றே கைக்கு வரும், தோட்டத்தைவிடக் கொஞ்சம் கூடவும் கிடைக்கும். ஆனால் அங்கே செக்ரோல் இல்லை, சேமலாப நிதி இல்லை, பிரசவ லீவு என்று கேட்க முகமும் இல்லை. வயிறு பெருத்தால் நாளை முதல் வரவேண்டாம் என்பதோடு முடிந்தது. தோட்டக் கம்பனிகளும் தேயிலை மலையைத் துண்டு துண்டாகக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தை நிறுத்துக் காசு கொடுக்கிற முறைக்கு மாறப் பார்க்கின்றன. அந்த முறையில் துண்டை எடுத்த பெண் தொழிலாளியா, பங்காளியா என்பது தெளிவாக எழுதப்படாதவரை, 1939இலிருந்து படிப்படியாக வாங்கிய 84 நாளை யாரிடம் போய்க் கேட்பது? சங்கங்கள் சம்பள உயர்வுக்கு மேசையில் உட்காருகிறபோது நாட்கூலி எவ்வளவு என்பதைப் பேசுகின்றன. பிரசவத்துக்கு முந்திய அந்த இரண்டு வாரத்துக்கான காசை, துண்டுமுறைக்காரிக்கும் மரக்கறித் தோட்டக் கூலிக்காரிக்கும் யார் கொடுப்பது என்பதையும் அதே மேசையில், அதே தடவையில் எழுத்தில் வாங்க வேண்டும்.